மணிக்கு ஆயிரத்து நானூறு

ராத்திரி ஒன்றரைக்குப் போன்.
மணக்குடிப் பொழி அடைத்துக் கிடக்கிறது,
சுசீந்திரம் வரைக்கும் வயல் முங்கியாச்சு,
ஹிட்டாச்சியை ஏற்றிக்கொண்டு வா.
வாடகை மணிக்கு ஆயிரத்து நானூறு.
மழைக்கென்று தனி ரேட் கிடையாது.

இரண்டு நாள்தான் பெய்தது.
துலாமாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதை
கடையை ஒழிக்கிறவன் மாதிரி
அள்ளிக் கொட்டிவிட்டுப் போய்விட்டது.
இடவப்பாதி இந்த வருஷம் வந்ததா என்று
பால்வெட்டுக்குப் போகும் செல்வமணியிடம் கேட்டேன்.
"வந்திச்சு. ஆனா எறங்கல்ல" என்றான்,
ஸ்டாப்பில் நிற்காமல் போன பஸ்ஸைச் சொல்வதுபோல.

பொழியில் இரண்டு கூட்டம்.
ஒன்று டார்ச் வெளிச்சத்தோடு.
நட்டுப் பதினாறு நாளான கும்பப்பூ
அவர்களுக்குப் பின்னால் எங்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.
"வெட்டுடே" என்றார் நீலபெருமாள் அண்ணன்.
மற்றது வெளிச்சமில்லாமல்.
"வெட்டு, வேண்டாங்கல்ல" என்றார் கிறிஸ்தடிமை,
"வத்தம் பாத்து வெட்டு. ஏத்தத்துல வெட்டுனா
நீ வெளிய விடுகதுக்கு முன்ன அவ உள்ள வந்திருவா."
இரண்டு பேர் சொன்னதும் சரி.
என் வண்டிக்குக் கை ஒன்று.

முதல் நாலு வாரல் மணல்.
ஐந்தாவதில் கறுப்புச் சேறு, அதில் ஒரு தாமரைக் கிழங்கு.
அந்த வாடை எனக்குத் தெரியும்.
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
நாலுவழிச் சாலைக்கு ஒரு குளத்தைத் தூர்த்தேன்.
சுருளோட்டுப் பக்கம் மலையைக் கிள்ளிய செம்மண்.
கடைசி மூலையில் சாம்பல் நாரை ஒன்று
பக்கெட் பக்கத்தில் வரும்வரை எழும்பவில்லை.
ஹாரன் அடித்துத்தான் விரட்டினேன்.
அதே மலையின் கல்லைத்தான்
தூண்டில் வளைவுக்கென்று கடலிலும் அடுக்கினேன்.
ஒரு பக்கம் மணல் வந்து உட்கார்ந்தது,
மறுபக்கம் மூன்று வீட்டின் அடுக்களை போயிற்று.

இப்போது பொழியை அடைத்த மணல் எங்கிருந்து வந்தது?
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பில் புத்தகத்தைக் காட்டியிருப்பேன்.

விரலளவு ஒழுகியது.
பிறகு வண்டி தேவைப்படவில்லை.
வாழை மூடோடு வந்தது,
ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகள் கூட்டமாய் வந்தன,
ஒரு தடியில் சுருண்டு பாம்பொன்று
யாரையும் பார்க்காமல் கடலுக்குப் போனது.
கண்டல்காடு மட்டும் இடுப்பளவில் நின்று
எதையோ பிடித்துவைத்துக்கொண்டிருந்தது.
சேறா, மடவைக் குஞ்சா, இருட்டில் தெரியவில்லை.

எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம்,
முக்குவதும் வெள்ளம்.
ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் இதற்குச் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.

ஐந்தரைக்கு ஏத்தம் திரும்பியது.
நான் வெட்டிய வழியிலேயே
நுரையோடு கடல் ஏறி வந்தது.
டார்ச்சுக்காரர்கள் வயலைப் பார்க்கப் போயிருந்தார்கள்.
மீட்டரில் மூன்று மணி நாற்பது நிமிஷம்.
பில்லில் யார் பெயர் என்று கேட்டேன்.
நின்ற ரெண்டு மூன்று பேரும்
தற்செயலாக வேறுபக்கம் பார்த்தார்கள்.

உப்புப்பட்ட வண்டியை உடனே நல்ல வெள்ளத்தில் கழுவணும்,
இல்லையென்றால் செயின் பின் தின்றுபோகும்.
முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
ஃபிலோமியக்கா ராத்திரியே விழித்து
குடம், வாளி, பிரியாணிச் செம்பு, பிள்ளையின் டிபன்பாக்ஸ் வரை
கிணற்றிலிருந்து கோரி நிறைத்து வைத்திருந்தாள்.
பொழி வெட்டினால் மூன்றாம் நாள்
கிணறு கரிக்கும்.
பங்குனி வரைக்கும் லாரிதான்.

"வண்டிக்கா வெள்ளம்?" என்றாள்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
ஒரு குடத்தைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு
உள்ளே போனாள்.

பக்கெட்டுக்கு ஐந்து பல்.
குடத்தோடு நின்றுகொண்டிருக்கிறேன்,
எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல்.